பேச மறுத்த லென்ஸ்

"சிரிங்கம்மா... ஆங், அப்படியே... அசையாதீங்க!" என்று பொத்தானை அழுத்தினான் ஆதித்தன்.

கிளிக் என்ற சத்தம் வரவில்லை. லென்ஸோடு தொடர்பு இல்லை, தொடர்புப் புள்ளிகளைத் துடைக்கவும் என்று கேமராவின் திரையில் எழுத்து வந்து நின்றது.

எதிரே, ஐந்தருவிக்கு முன்னால் பச்சைப் பட்டுச்சேலையில் சிரித்தபடி நின்றாள் ஜெயசித்ரா. பாவம், எவ்வளவு நேரம்தான் ஒரு பெண் அருவிச் சாரலில் சிரித்துக்கொண்டே நிற்பாள்?

ஆதித்தன் கேமராவை அணைத்துப் போட்டான். பேட்டரியைக் கழற்றி மாட்டினான். அதே எழுத்து. தென்காசியில் ஸ்டூடியோ திறந்த நாளிலிருந்து பாஸ்போர்ட் போட்டோவும் காதுகுத்தும்தான். ஒரு கல்யாண ஆர்டர்கூட அவன் வாசலை எட்டிப் பார்த்ததில்லை. இது அவன் அம்மா பிடித்துவந்த ஆர்டர். குத்துக்கல்வலசையில் ஒரு பெண்ணுக்கு வரன் பார்க்கிறார்கள், மாப்பிள்ளை வீட்டுக்குக் காட்ட அருவிக்கரையில் வைத்துப் படம் வேண்டும், படம் அமைந்தால் கல்யாணத்துக்கும் உன்னையே கூப்பிடுவார்கள் என்று அம்மா சொல்லியிருந்தாள். அதை நம்பித்தான் இந்த லென்ஸையே வாங்கினான்.

"என்ன தம்பி, ஸ்டார்ட் ஆக மாட்டேங்குதா?" என்று கேட்டார் பெண்ணின் தாய்மாமா தில்லைநாயகம். சிவகிரியில் போலீஸ் உத்தியோகம். லீவு போட்டு வந்தவர், வந்ததும் வராததுமாக எண்ணெய் மசாஜ் செய்துகொண்டு, தோளில் ஒரு துண்டோடு உட்கார்ந்திருந்தார்.

"ஒண்ணுமில்ல சார். சாரல் பட்டுருச்சு. துடைச்சாப் போதும்."

லென்ஸைக் கழற்றினான். அதன் பின்பக்கம் பொடிப்பொடியாகத் தங்க நிறத்தில் அந்தத் தொடர்புப் புள்ளிகள். துடைக்கும் துணியை ஸ்டூடியோ மேஜையிலேயே விட்டுவிட்டு வந்திருந்தான். சட்டையில் துடைக்கலாமென்றால், பெரிய இடத்து ஆர்டர் என்று அம்மா வற்புறுத்திப் போடவைத்த புதுச்சட்டை.

"இந்தாரும், இதுல துடையும்" என்று தில்லைநாயகம் துண்டை நீட்டினார்.

அழுத்தித் துடைத்தான். துடைத்து முடித்த பிறகுதான் மூக்கில் எண்ணெய் வாடை ஏறியது. மசாஜ்காரர் அவர் முதுகில் ஊற்றிய எண்ணெயெல்லாம் அந்தத் துண்டில்தான் இருந்தது. இப்போது தங்கப் புள்ளிகள் மினுமினுவென்று எண்ணெயில் குளித்துக்கொண்டிருந்தன. மாட்டிப் பார்த்தால், லென்ஸ் என்று ஒன்று இருப்பதையே கேமரா ஒப்புக்கொள்ளவில்லை.

"ஏன் தம்பி, உங்க தங்கச்சியக் கட்டிக்குடுத்தது திருவேங்கடத்துலதான?" என்றார் தில்லைநாயகம், திடீரென்று.

"ஆமா சார்."

"மச்சினன் எப்படி? குடி, கிடி உண்டா?"

"அதெல்லாம் கிடையாது சார்."

"உமக்கு?"

"எனக்கும் கிடையாது சார்." லென்ஸ் பேசாமல் கிடக்கிற நேரத்தில் இந்த விசாரணை எதற்கு என்று அவனுக்கு எரிச்சலாக வந்தது.

"அம்மாவுக்கு முட்டுவலி இப்ப தேவலையா?"

ஆதித்தன் ஆடிப்போனான். முட்டுவலிவரைக்கும் தெரிந்து வைத்திருக்கிறாரே! போலீஸ்காரர்கள் சும்மாவா? போட்டோ எடுக்க வருகிறவனைக்கூட விசாரித்துத்தான் விடுவார்கள் போல என்று நினைத்துக்கொண்டு, கூடுதல் பவ்யத்தோடு, "தேவலை சார்" என்றான்.

தில்லைநாயகத்தின் மனைவி கல்யாணசுந்தரி அதுவரை புளியோதரைத் தூக்கைக் குரங்குகளிடமிருந்து காப்பாற்றுவதிலேயே கண்ணாக இருந்தாள். இப்போது எட்டிப் பார்த்தாள்.

"எண்ணெய்ப் பிசுக்குத்தான? திருநீறு போட்டுத் தேய்ங்க. எங்க வீட்டுக் குத்துவிளக்குக்கு அதான். பளிச்சுன்னு ஆயிரும்."

"அக்கா, இது கேமரா..."

"வெள்ளிக்கிழமை விளக்கே துலங்குது, இது துலங்காதா? கோயில் திருநீறுதான், பிடிங்க."

வேண்டாம் என்று சொல்லத் தெரிந்தவனாக இருந்தால் அவன் எப்போதோ முன்னேறியிருப்பான். வாங்கித் தேய்த்தான். புள்ளிகள் உண்மையிலேயே துலங்கத்தான் செய்தன. ஆனால் மலையிலிருந்து குப்பென்று ஒரு காற்று இறங்கியதே! கையிலிருந்த திருநீறு முழுவதும், லென்ஸைக் கழற்றியதில் வாய் திறந்து கிடந்த கேமராவுக்குள் போய் இறங்கியது. லென்ஸை மாட்டிக் கண்ணை வைத்துப் பார்த்தால் ஐந்தருவி, ஜெயசித்ரா, குரங்குகள் எல்லாமே பழனிக்குப் போய்வந்தவர்கள் மாதிரி தெரிந்தார்கள்.

"செல்லு நனைஞ்சா அரிசிக்குள்ள போட்டு வைப்பாகள்ளா?" என்று தில்லைநாயகம் அடுத்த யோசனையை எடுத்தார்.

"எங்கிட்ட புளியோதரைதான் இருக்கு" என்று தூக்கைத் திறக்கப் போனாள் கல்யாணசுந்தரி.

"அய்யோ, வேண்டாம்க்கா!" என்று கேமராவைக் குழந்தை மாதிரி மார்போடு அணைத்துக்கொண்டு, போய்ப் பாறை ஓரமாக உட்கார்ந்துவிட்டான் ஆதித்தன். அழுகை முட்டியது. கல்யாண ஆர்டர் போச்சு. அம்மா முகத்தில் எப்படி முழிப்பது?

ஜெயசித்ரா சேலையைத் தூக்கிப் பிடித்தபடி பக்கத்தில் வந்தாள். அவள் கையில் பலூன்காரரிடம் இரவல் வாங்கிய காற்றடிக்கிற பம்பு.

"இத வச்சு அடிச்சா அந்தத் தூள் வெளிய வந்துராதா?"

லென்ஸைக் கழற்றி, கேமராவைக் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு அவன் அடித்தான். திருநீறு புஸ்ஸென்று பறந்து இரண்டு பேர் நெற்றியிலும் அப்பியது. அவள் வாய்விட்டுச் சிரித்தாள். அவன் இவ்வளவு நேரம் கேட்டு வாங்கிய சிரிப்பெல்லாம் இதன் பக்கத்தில் நிற்காது.

"இதுக்கு என்னதான் கோளாறு?" என்று கேட்டாள்.

"லென்ஸும் கேமராவும் பேசிக்கிடணும். ஆளு எவ்வளவு தூரத்துல நிக்கின்னு கேமரா கேக்கும், லென்ஸ் பதில் சொல்லும். நடுவுல ஒரு அழுக்குப் பட்டுருச்சுன்னா ரெண்டும் மூஞ்சியத் திருப்பிக்கிடும்."

"மாமாவும் அத்தையும் இப்படித்தான். நடுவுல நான்தான் கெடந்து தேய்க்கணும்" என்றவள், கைப்பையிலிருந்து ஒரு ரப்பரை எடுத்தாள். பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். "பென்சில் கோடே போவுது. இந்தப் பிசுக்குப் போவாதா?"

அவனுக்குப் பொறி தட்டியது. இது நல்ல வழிதான், அவனும் கேள்விப்பட்டதுதான். பதற்றத்தில் மறந்துவிட்டான். அவள் லென்ஸைப் பிடித்துக்கொள்ள, அவன் ஒவ்வொரு புள்ளியாக மெல்லத் தேய்த்தான். தேய்க்கத் தேய்க்க, லென்ஸ் சரியாகிவிடக் கூடாதே என்று ஓர் அற்ப ஆசை வந்தது. இந்தப் படம் நன்றாக வந்தால் இவள் எவனோ ஒருவன் வீட்டுக்குப் போய்விடுவாள். சீ, தொழிலுக்கு வந்த இடத்தில் என்ன நினைப்பு என்று தன்னையே வைதுகொண்டு லென்ஸை மாட்டினான்.

கிளிக்!

திரையில் ஜெயசித்ரா. தலைமுடியில் சாரல், நெற்றியில் பறந்து ஒட்டிய திருநீறு, பாதிச் சிரிப்பு. அவன் வாழ்க்கையில் இப்படி ஒரு படம் எடுத்ததே இல்லை. அவள் எட்டிப் பார்த்தாள். பிறகு மாமாவைப் பார்த்துத் தலையசைத்தாள்.

தில்லைநாயகம் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, படத்தைவிட அதிக நேரம் ஆதித்தனைத்தான் பார்த்தார்.

"இவ்வளவு பாடுபடுத்துனோமே, உமக்குக் கோவமே வரலியே தம்பி."

"கோவப்பட்டா லென்ஸ் பேசிருமா சார்?"

"படம் பேஷா வந்திருக்கு."

ஆதித்தன் மனசைக் கல்லாக்கிக்கொண்டான். அவள் எங்கேயாவது நன்றாக இருக்கட்டும், நமக்குத் தொழிலாவது மிஞ்சட்டும்.

"மாப்பிள்ளை வீட்டுல கண்டிப்பாப் பிடிச்சிரும் சார். அப்ப... கல்யாண ஆர்டர் எனக்குத்தானே?"

"அது மட்டும் நடக்காது" என்றார் தில்லைநாயகம்.

ஆதித்தனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "ஏன் சார்? அதான் லென்ஸ் சரியாயிட்டே! நான் என்ன தப்புப் பண்ணுனேன்?"

புளியோதரையை இலையில் வைத்து அவன் கையில் கொடுத்தபடியே கல்யாணசுந்தரி சொன்னாள்:

"தாலி கட்டுத மாப்பிள்ளையே கேமராவத் தூக்கிக்கிட்டு அலைஞ்சா ஊரு சிரிக்காதா?"