இறா அக்கா கேட்ட சோடா

ஒரு பார் முழுக்க இருந்தவர்களின் போதையை ஒரே நொடியில் இறக்கிய ஆள் இந்த உலகத்திலேயே ஒருவர்தான். அவர் போலீஸ் இல்லை. காசிமேட்டில் இறால் விற்கும் அக்கா. சொந்தப் பெயர் யாருக்கும் தெரியாது. இறா அக்கா, அவ்வளவுதான்.

ராயபுரத்தில் ஒரு லாட்ஜ் மாடியில் அந்தச் சின்ன பார். சனிக்கிழமை சாயங்காலங்களில் உள்ளூர் ஆட்கள் நாலு பேர் டிரம்ஸ், கிடார் சகிதம் கானா பாடுவார்கள். மேடை கிடையாது. ஷேர் ஆட்டோ ஓட்டும் சேகர்தான் பாடகன். அவன் உணர்ச்சிவசப்பட்டுக் கையை வீசினால் முன் டேபிள் கிளாஸ் கீழே கிடக்கும். நாளெல்லாம் துறைமுகக் கம்பெனியில் கன்டெய்னர் நம்பர் தட்டும் எனக்கு அந்த முன் டேபிள்தான் சொர்க்கம்.

ஒருநாள் கதவு திறந்தது. இடுப்பில் கூடையோடு இறா அக்கா.

டிரம்ஸ் நின்றுபோனது. அக்காவின் தெருக்காரர் ஒருவர் டேபிளுக்கு அடியில் போனார், திரும்பி வரவே இல்லை. நான் கையில் எடுத்த சுண்டல் வாய்க்குப் போகவில்லை. அக்கா நேராக வந்து என் எதிரில் உட்கார்ந்தார்.

"இன்னா நைனா, யார்னா செத்துட்டாங்களா? பாடுங்கபா."

சப்ளையர் தட்டைக் கேடயமாகப் பிடித்தபடி வந்தான். "யக்கா, இங்க லேடீஸ்லாம்..."

"லேடீஸுக்குக் காது இல்லியா? ஒரு சோடா குடு."

அதிலிருந்து எல்லாச் சனிக்கிழமையும் வந்தார். பாரில் ஆண்கள் சட்டைப் பொத்தான் போட ஆரம்பித்ததை நான் கண்ணால் பார்த்தேன். கெட்ட வார்த்தை ஒழிந்தது. காதல் தோல்விப் பாட்டில் சேகர் குரல் உடைந்தால், "அவ போனா போவட்டும். நீ வாயத் தொறந்து பாடு" என்று அதட்டல் வரும்.

அக்கா முன்னால் இரண்டாவது ரவுண்டு கேட்க யாருக்கும் தைரியமில்லை. ஓனர் ஒருநாள் படியிலேயே மறித்தார். "யக்கா, இனிமே வராதீங்க. யாவாரம் படுத்துகிச்சு."

ஊரையே ஏசுகிற அக்கா ஒரு வார்த்தை பேசாமல் இறங்கிப் போனார். அதைத்தான் எங்களால் தாங்க முடியவில்லை.

சேகர் மைக் ஒயரைப் பிடுங்கினான். "தலைய தொங்கப் போட்டுகினு கீறவனுக்கா நான் பாடணும்?" நான் அவசரமாகத் தலையை நிமிர்த்தினேன். அதற்குள் ஸ்பீக்கர் படியிறங்கிக்கொண்டிருந்தது. லாட்ஜ் வாசலில் அக்காவை நிறுத்தி, அவர் எதிரிலேயே பாட்டை ஆரம்பித்துவிட்டார்கள். பார் மொத்தமும் பின்னாலேயே இறங்கியது. டேபிளுக்கு அடியில் ஒளிந்தாரே, அந்தத் தெருக்காரர்தான் முதல் ஆள்.

கடைசியாக ஓனரும் வந்தார். "யக்கா, தெரியாம சொல்லிட்டேன். மேல வாங்க."

"இரு, பாட்டு முடியட்டும்."

மேலே போய் உட்கார்ந்ததும் அக்காவிடம் கேட்டேன். "இந்தப் பாட்டெல்லாம் போன்லயே கேக்கலாமே அக்கா?"

"போனு என்னப் பாக்குமா நைனா? அந்தப் புள்ள என் மூஞ்சப் பாத்துப் பாடுது. மார்க்கெட்டுல எவன் என் மூஞ்சப் பாக்குறான்? எல்லாம் கூடையத்தான பாக்குறாங்க."

மாதக்கணக்கில் எதிரே உட்கார்ந்திருந்தவன் நான். அக்காவின் இடது கன்னத்தில் ஒரு மச்சம் இருப்பதை அன்றுதான் பார்த்தேன்.