மூன்று துறையும் ஒரு வலையும்

அன்று முகத்துவாரக்குப்பம் அம்மன் கோவில் வாசலில் இருந்தவர்கள்: ஊர்த் தலைவரான பெரியதனக்காரர், பஞ்சாயத்தார் ஐந்து பேர், குற்றவாளியாக நின்ற என் மைத்துனன் எட்டியப்பன், அழுதுகொண்டிருந்த அவன் அக்காள் (என் மனைவி ராஜம்மா), வாயை மூடிக்கொண்டிருந்திருக்க வேண்டிய நான்.

குடியரசு வந்த புதிது. நான் தீப்பெட்டிக் கம்பெனித் தொழிலாளி. ஐந்தாவதோடு படிப்பு போயிற்று. (தபால்காரர் கதவைத் தட்டினாலே கொல்லைப்புறம் ஓடும் ஆசாமி.) சங்கத்துச் சாயங்கால வகுப்பில் ஒரு வக்கீல் அரசியல் சட்டம் நடத்தினார். சட்டம் இயற்ற ஒரு துறை, நிறைவேற்ற ஒரு துறை, தீர்ப்புச் சொல்ல ஒரு துறை; மூன்றும் ஒரே கையில் இருந்தால் கொடுங்கோல். பயந்தாங்கொள்ளிக்கு இப்படி ஓர் ஆயுதம் கிடைத்தால் சும்மா இருப்பானா?

அம்மனுக்குக் கூழ் வார்க்கும் நாளில் கடலுக்குப் போகக் கூடாது என்பது ஊர்க்கட்டு. எட்டியப்பன் போனான். வலையைப் பிடுங்கிக் கோவிலில் போட்டுவிட்டார்கள். அபராதம் கட்டினால்தான் வலை; வலை இல்லாவிட்டால் அவன் பிள்ளைகளுக்குச் சோறில்லை.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எழுந்தேன்.

“கட்டு போட்டது நீங்க, வலைய புடிச்சது நீங்க, தீர்ப்பும் நீங்களா? இன்னா நாயம் இது? மூணும் தனித்தனியா இருக்கணும்!”

பெரியதனக்காரர் நிதானமாக வெற்றிலையைத் துப்பினார்.

“மாப்ளே சொல்றது கரீட்டு. கட்டு போட்டது பஞ்சாயத்து. தீர்ப்பு நான். அபராதத்த வசூல் பண்றது நீ. அதுவரிக்கும் வலை உன் பொறுப்பு.”

“நானா?”

“தனித்தனியா இருக்கணும்னு நீதானே சொன்னே?”

கூட்டமே சிரித்தது. (நினைத்தால் இன்றும் பல்லைக் கடிக்கிறேன்.) நாறும் வலையை நானே தலையில் சுமந்துகொண்டு வீட்டுக்கு வந்தேன்.

“இன்னாய்யா கெவருமெண்டு, என் தம்பி வலைய எப்போ குடுப்பே? புள்ளைங்க பட்டினி கீதுங்க!” என்று ராஜம்மா சட்டியைக் கவிழ்த்து வைத்தாள்.

மறுநாள் எட்டியப்பன் வந்தான். “ஒரே வாரம் மாமா, கட்டிடறேன். அம்மன் மேல சத்தியம்.” (எந்த அம்மன்? அவன் கூழ் நாளையே மதிக்காத அதே அம்மன்.) கொடுத்துத் தொலைத்தேன்.

அன்று சாயங்காலமே பெரியதனக்காரர் ஆளனுப்பினார். வசூல் பண்ணாமல் வலையை விட்டது நிறைவேற்றும் துறையின் குற்றமாம். அபராதம் இனி அந்தத் துறையின் தலையிலாம்! என் பாதி மாதச் சம்பளம் போயிற்று. வக்கீலிடம் போய்க் கத்தினேன். “மேல்முறையீடு செய்யுங்களேன்” என்றார். எங்கே செய்வது? அதே கோவில் வாசலிலா?

வருஷங்கள் ஓடிவிட்டன; எட்டியப்பன் தன் மகள்களுக்கெல்லாம் கல்யாணம் முடித்துவிட்டான். ஒவ்வொரு பந்தியிலும், “கெவருமெண்டு மாமாவுக்கு இன்னொரு வஞ்சிரம் வைடா!” என்று கத்துவான். மொத்த உறவும் சிரிக்கும். நானும் தின்கிறேன், கோபத்தோடு. அவன் எனக்குத் தர வேண்டியது இன்னும் இருபத்திரண்டு ரூபாய் எட்டணா.