வேகாத பருப்பும் என் ராஜினாமாவும்

மாத இதழ் ஆசிரியர் திரு. ஆசிர் அவர்களுக்கு, மஞ்சக்குட்டை கௌரி வணக்கத்துடன் எழுதிக்கொள்வது.

இங்கு நானும் வீட்டுக்காரரும் நலம். அங்கு தாங்களும் நலமாகத்தான் இருப்பீர்கள். வாசகர் கேள்விக்குப் பதில் எழுதுவது நான், அதைப் படித்துவிட்டு ஆட்கள் வந்து நிற்பதும் என் வீட்டு வாசலில்தான்.

பள்ளிக்கூட ஆய்வகத்தில் முப்பத்தொரு வருஷம் உதவியாளராக இருந்து ஓய்வுபெற்றவளை, "சும்மாதானே இருக்கறீங்க" என்று 'ஏன், எதனால்?' பகுதிக்கு எழுதச் சொன்னீர்கள். குடுவை கழுவின கைக்கு இது பெரிய மரியாதை என்று ஒப்புக்கொண்டேன். மிக்சி ஏன் சூடாகிறது, மழை வந்தால் டிவியில் படம் ஏன் நின்றுபோகிறது என்று போய்க்கொண்டிருந்தவரை ஒரு வம்புமில்லை. போன மாதம் ஏரிக்கரை ஓட்டல் சமையற்காரர் குழந்தைவேல், "ஏற்காட்டில் திறந்த பாத்திரத்தில் ஒரு மணி நேரம் கொதித்தும் துவரம்பருப்பு வேகாதது ஏன்?" என்று கேட்டிருந்தார். உயரம் கூடக்கூடக் காற்றழுத்தம் குறையும், அதனால் இங்கே தண்ணீர் தொண்ணூற்றைந்து டிகிரியிலேயே கொதித்துவிடும், அந்தச் சூட்டில் பருப்பு சீக்கிரம் வேகாது, ஆகவே குக்கரில் வையுங்கள் என்று எழுதினேன். விளம்பரத்துக்கு இடம் போதாமல் தாங்கள் குக்கரை மட்டும் வெட்டிவிட்டீர்கள்.

குழந்தைவேல் அந்தப் பதிலைக் கத்தரித்து, கண்ணாடிச் சட்டம் போட்டு, சாப்பாட்டு அறையில் மாட்டிவிட்டார். சாம்பார் நன்றாயில்லை என்று யார் சொன்னாலும் கரண்டியால் அதைக் காட்டி, "காத்தழுத்தமுங்க, நம்ம கையில என்ன இருக்குது" என்பாராம். அதுவரை அவரை வேலையை விட்டு அனுப்பும் யோசனையில் இருந்த முதலாளி காளியண்ணனும் அறிவியலோடு சண்டை போட முடியாமல் வாயை மூடிக்கொண்டார். பிறகு அது ஊரெல்லாம் பரவி, தையற்கடை செல்வி என் ரவிக்கையை இறுக்கமாகத் தைத்துவிட்டு, "அழுத்தம் கொறஞ்சா ஒடம்பு உப்பிக்குமாமுங்களே, நீங்கதான எழுதியிருந்தீங்க" என்று என்னிடமே சொன்னாள்.

போன செவ்வாய்க்கிழமை காளியண்ணனே ஜீப்பில் வந்து இறங்கினார். "ஏனுங்கம்மா, வர்றவங்க ஒரு வேளை தின்னுட்டு ரூமைக் காலி பண்ணிப் போயிர்றாங்க. அழுத்தத்தக் கூட்ட ஏதாச்சும் வழி இருக்குதுங்களா?" என்று கேட்டார். குக்கர் இருக்கிறதே என்றேன். விசில் சத்தம் ஆகாது என்று குழந்தைவேல் குக்கரைத் தொடுவதில்லையாம். என்னையும் எங்கள் வீட்டுக் குக்கரையும் அப்போதே ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார்.

ஆறு விசில். பருப்பு வெண்ணெய் மாதிரி வெந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. குழந்தைவேல் அதில் சாம்பார் வைத்தார். காளியண்ணன், கல்லாவில் இருந்த அவர் மகள் சங்கீதா, நான், மூன்று பேரும் ஊற்றிச் சாப்பிட்டோம். பருப்பு வெந்திருந்தது, அவ்வளவுதான். காளியண்ணன் மெதுவாகத் தலையைத் திருப்பிச் சமையற்காரரைப் பார்த்தார். அந்த மனுஷன் கரண்டியை இடது கைக்கு மாற்றினார், திரும்ப வலது கைக்கு மாற்றினார். பிறகு என்னிடம், "பன்னெண்டு வருசமா இதே கைதானுங்கம்மா" என்றார், நொம்பச் சன்னமாக.

அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு நான் என்ன சொல்ல? "தண்ணிங்க" என்றேன். "உங்க கெணத்துத் தண்ணி நொம்பக் கடினமுங்க. எதப் போட்டாலும் ருசி எறங்காது."

சொல்லும்போதே நாக்குக் கூசியது. கடினத்தண்ணீரில் சோப்பு லேசில் நுரைக்காது. நானோ பத்து நிமிஷத்துக்கு முன்னால் அங்கே கை கழுவி, நாலு தரம் அலசியும் நுரை போகாமல் முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்தவள். காளியண்ணன் நம்பினார். சங்கீதா எழுதியே வைத்துக்கொண்டாள். குழந்தைவேல் எனக்கு இரண்டாம் தரம் சாம்பார் ஊற்றினார். நானும் சாப்பிட்டேன்.

இப்போது அவர் இன்னொரு கண்ணாடிச் சட்டம் வாங்கி வைத்துக்கொண்டு, தண்ணீர் விளக்கம் எந்த மாத இதழில் வரும் என்று ஆள்மேல் ஆள் அனுப்புகிறார். வராது. வரவும் கூடாது. இத்தனை வருஷத்தில் அறிவியலில் நான் சொன்ன முதல் பொய் அது. அச்சில் ஏறினால் எனக்குத் தூக்கம் வராது. இந்தக் கடிதத்தையே ராஜினாமாவாக ஏற்றுக்கொண்டு பகுதியை வேறு யாரிடமாவது ஒப்படைக்கக் கோருகிறேன்.

சேர்வராயன் சாமி தங்களையும் இதழையும் குறைவில்லாமல் காக்கட்டும். வீட்டில் அம்மாவுக்கு என் அன்பைச் சொல்லவும்.

இப்படிக்கு,
கௌரி

பி.கு.: உறையை ஒட்டுமுன் சாப்பிட உட்கார்ந்தோம். வீட்டுக்காரர் என் சாம்பாரில் ஒரு வாய் வைத்துவிட்டு, "ஏம்புள்ள, அந்த ஓட்டல் சாம்பாரு இப்படித்தான் இருந்துச்சா?" என்று கேட்டார். நம்ம ஊட்டுத் தண்ணியும் கடினம்தான் என்றேன். அச்சில் வந்தால்தான் நம்புவாராம். தண்ணீர் விளக்கத்தை எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். அடுத்த இதழிலேயே, கொட்டை எழுத்தில், என் பெயரோடு போடவும்.