கரடியின் காதும் இரண்டு விரல்களும்

க்ளெண்டேல்,
அக்டோபர் கடைசி செவ்வாய்

அன்புத் தங்கை தக்கூஹிக்கு,

அண்ணன் கரபெட் ஆசிகளுடன் எழுதுவது. இங்கே நானும் என் முழங்காலும் ஒருவாறு இருக்கிறோம். ஃப்ரெஸ்னோவிலிருந்து நீ அனுப்பிய உலர்திராட்சை வந்தது. பாதியை நான் தின்றேன், மீதியையும் நானே தின்றேன். மாப்பிள்ளை லெவோனை மிகவும் விசாரித்ததாகச் சொல்லவும்.

நிற்க. என் மகள் நசேலியை கார்ட்டூன் ஸ்டூடியோவிலிருந்து அனுப்பிவிட்டார்கள், உனக்குத் தெரியும். மாப்பிள்ளை லெவோன் தன் இன்சூரன்ஸ் ஆபீசில் அவளுக்கு நாற்காலி போட்டுக் காத்திருக்கிறார். இவளோ, "அக்டோபர்ல படம் போடறவங்க நாங்க எல்லாரும் தினம் ஒரு மைப்படம் வரைஞ்சு நெட்ல போடுவோம்ப்பா, இந்த மாசம் மட்டும் விட்டுடுங்க" என்று தூரிகையும் மைப்புட்டியுமாக உட்கார்ந்துவிட்டாள். வரைவது என்ன தெரியுமா? பஸ் ஓட்டும் கரடி. என் மீசை, என் தொப்பை. இத்தனை வருஷம் பஸ் ஓட்டினவனுக்குக் கிடைத்த மரியாதை! ஆனால் ரசிகர்கள் அந்தக் கரடி மேல் உயிரையே வைத்திருக்கிறார்கள். நான் தொந்தரவு செய்யாமல் இருக்க, தன் பழைய வரைபலகையை, அதான் அந்தக் கண்ணாடித் திரையை, என்னிடம் கொடுத்துவிட்டாள். நானும் அதில் கத்தரிக்காய் வரைந்து பழகுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை போன் வழியே ரசிகர்கள் நேரலையில் பார்க்கப் பார்க்கப் பெரிய படம் ஒன்று. அது நல்லா வந்தா கரடியைப் புத்தகமாப் போடுவா, சொதப்பினா உங்க ஆபீசுக்கு வருவான்னு பேச்சு. போனைப் பிடிக்கிற வேலை எனக்கு. எல்லாம் அழகா முடிஞ்சு, கடைசியா ஒரு காது பாக்கி. கோடு கொஞ்சம் கோணிடுச்சு. உடனே இவ என்ன பண்ணா? ரெண்டு விரலால அந்தக் காதுமேல டொக்குன்னு தட்டினா! திரையில அப்படித் தட்டினா தப்பு மறைஞ்சிடும். இது காகிதம், ஈர மை. மறுபடி தட்டறா, மறுபடியும் தட்டறா. "அப்பா, போகமாட்டேங்குதுப்பா!"ன்னு அலறல். "அது காகிதம்டீ பைத்தியமே!"ன்னு நான். அத்தனை பேரும் கேட்டாங்க. படிச்ச பொண்ணு, யாராவது காகிதத்தைத் தட்டுவாங்களா?

குழந்தை முகத்தை மூடிட்டு அழுதா. முகமெல்லாம் மை. போனை அணைக்கப் போனேன், அது திரும்பி என் மீசையைக் காட்டிடுச்சு. "ஐயோ, நெஜக் கரடி!"ன்னு ஒரே ஆரவாரம். டொராண்டோவில கார்ட்டூன் போடற ஒருத்தன், "அழாதீங்க, நேத்து நான் சுவருக்குப் பெயின்ட் அடிக்கறப்ப சுவரையே தட்டினேன்"னு எழுதினான். அப்புறம் ஆளாளுக்கு, "எனக்கும் காதுல ரெண்டு விரல் தடம் வெச்ச கரடி வேணும்"னு ஆரம்பிச்சுட்டாங்க. இவ சிரிக்கறா, அழறா, விரலை மையில முக்கி முக்கி வெக்கறா.

ஆகவே தங்கச்சி, இந்தக் கூத்தை நம்பிக் காலம் தள்ள முடியாது. சனிக்கிழமை நீ நேரில் வந்து இவளைக் கையோடு ஆபீசுக்கு அழைத்துப் போகவும். உன் வார்த்தைக்குத்தான் அடங்குவாள். உன் அடுப்பும் தோட்டமும் என்றும் செழிக்கட்டும்.

இப்படிக்கு,
கரபெட்

பி.கு.: மேலே உன் பெயரைத் தப்பாக எழுதிவிட்டேன். சட்டென்று ரெண்டு விரலால் தட்டியிருக்கிறேன், அதுதான் அந்தக் கறை. இதை நசேலியிடம் சொல்லிவிடாதே. அந்த நாற்காலியை வேறு யாருக்காவது கொடுக்கும்படி மாப்பிள்ளையிடம் சொல். நீ சும்மா விருந்துக்கு வா. உலர்திராட்சை கொண்டு வா.