தலைவர் மூக்கில் பஞ்சு

டிவிக்குப் பின்னால் எந்த ஒயரைப் பிடுங்கினால் அது ஒரு வாரத்துக்கு எழுந்திருக்காது என்று தையல்காரர் பெடியாக்கோ தடவிக்கொண்டிருந்தபோது, மனைவி செர்வா வந்து நின்றாள்.

"என்ன தேடறீங்க?"

"ஊசி விழுந்துடுச்சு."

"டிவிக்குள்ளயா?"

அவர் கையில் அகப்பட்டதைப் பிடுங்கினார். படம் போனது. ஐயோ, போச்சே என்று அவர் வருத்தப்பட்டதில் பாதி கூட நம்பும்படி இல்லை. செர்வா வெளியே போனாள்.

கானா நாட்டின் குமாசி நகரம் கொரோனாவுக்குப் பயந்து பூட்டிக் கிடந்த இரண்டாவது வாரம் அது. பள்ளிகள் மூடியதால் சீருடைக்கு வேலை இல்லை. பெடியாக்கோ மீந்த துணியில் முகக்கவசம் தைத்துக்கொண்டிருந்தார். அடைந்து கிடக்கும் ஜனங்கள் மேல் அரசுத் தொலைக்காட்சிக்கு இரக்கம் பிறந்து, பழைய ஞாயிற்றுக்கிழமை நாடகங்களைத் தூசி தட்டி எடுத்தது. வரும் ஞாயிறு மாலை ஆறு மணிக்கு 'கொக்கோத் தோட்டத்து வாரிசு' என்று அறிவித்தார்கள். ஒரே முற்றத்தைச் சுற்றிப் பதினோரு குடித்தனம் இருக்கும் அந்த வீடு ஆனந்தத்தில் துள்ளியது. அவர்களுடைய 'நானா' நடித்த நாடகம் ஆயிற்றே.

நானா என்பது ஊர்த்தலைவரைக் கூப்பிடும் சொல். பெடியாக்கோ எந்த ஊருக்கும் தலைவர் இல்லை. ஆனால் வாலிப வயதில் அந்த நாடகத்தில் தலைவராக நடித்தேன் என்று முப்பத்தைந்து வருஷமாகச் சொல்லி வந்ததில் அந்த மரியாதை ஒட்டிக்கொண்டது. அந்த வீட்டில் எல்லாருக்கும் சேர்த்து ஒரே குளியலறை. விடியற்காலையில் வாளிகள் வரிசையில் நிற்கும். முதல் வாளி எப்போதும் நானாவுடையது. தண்ணீர்ச் சண்டை, துணிக்கொடிச் சண்டை எதுவானாலும் தீர்ப்பு அவருடையது. செர்வா கூட அந்த வேஷத்தின் பெருமைக்காகத்தான் தன்னைக் கட்டிக்கொண்டாள் என்பது அவருடைய அசைக்க முடியாத நம்பிக்கை.

நாடகத்தில் அவர் நடித்தது உண்மை. பிணமாக நடித்தார்.

சாவு வீட்டில் பித்தளைக் கட்டிலில் அலங்கரித்துக் கிடத்தும் காட்சி. உயிரோடு இருப்பவன் அப்படிப் படுத்தால் ஆயுசு குறையும் என்று நடிகர்கள் எல்லாரும் மறுத்துவிட்டார்கள். வேடிக்கை பார்க்க வந்த பெடியாக்கோ இரண்டு டின் மத்தி மீனுக்கும் ஒரு சோப்புக் கட்டிக்கும் சம்மதித்தார். பஞ்ச காலம், மத்தி மீன் கிடைத்தால் யாரும் சாவார்கள். மூக்கில் பஞ்சு, முகத்தில் பவுடர், கண்ணை இறுக மூடிக்கொண்டு காலையிலிருந்து சாயங்காலம் வரை, சுற்றிப் பெண்கள் அழுவதைக் கேட்டுக்கொண்டே கிடந்தார்.

இரண்டு மாதம் கழித்து செர்வாவின் மாமா கடைக்கு வந்து கால்சட்டைக்கு அளவு கொடுத்தபடி, நீதான் நாடகத்தில் நடித்த பையனா என்று விசாரித்தார். ஆமாம், தலைவர் வேஷம் என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது. கல்யாணம் ஆனது. நாடகம் ஒளிபரப்பான அன்று பெண்டாட்டியைக் கூட்டிக்கொண்டு டிவி இல்லாத ஊருக்கு விருந்து போய்விட்டார். அத்தோடு தொல்லை விட்டது என்று நினைத்திருந்தார்.

ஒயரைப் பிடுங்கிய ஒரு மணி நேரத்தில் எலக்ட்ரீஷியன் தாவியா பெட்டியோடு வந்தான். எதிர் அறைக்காரன், வேலை இல்லாமல் கை அரித்துக்கொண்டிருந்தவன்.

"செர்வா அக்கா சொன்னாங்க நானா. டிவி போச்சாமே."

பழுது பார்த்ததோடு விட்டானா? நானாவின் குரல் கணீரென்று கேட்க வேண்டும் என்று தேவாலயத்தில் சும்மா கிடந்த இரண்டு ஸ்பீக்கர்களையும் கொண்டுவந்து மாட்டினான்.

பெடியாக்கோ அடுத்த அஸ்திரத்தை எடுத்தார். ஓர் அறைக்குள் இத்தனை பேர் கூடினால் போலீஸ் வரும், நோயும் வரும் என்று முற்றத்தின் நடுவில் நின்று பொறுப்போடு பேசினார். எல்லாரும் வருத்தத்தோடு தலையாட்டினார்கள். செர்வா மட்டும், டிவியை முற்றத்துக்குக் கொண்டுவந்து ஆளுக்கு இரண்டு மீட்டர் விட்டு உட்கார்ந்தால் ஆகாதா என்று மெதுவாகக் கேட்டாள். ஆகும் என்று முடிவாயிற்று. டிவி வெளியே வரப்போவது தெரிந்ததும் பக்கத்து வீட்டார் மதிலுக்கு அந்தப் பக்கம் பெஞ்சுகளை அடுக்கி இடம் பிடித்தார்கள். பதினோரு குடித்தனமாக இருந்த ஆபத்து இருபத்து நான்காயிற்று.

மிச்சம் இருந்தது மின்சாரம். முன்பணம் கட்டிய அளவுக்குத்தான் மீட்டர் ஓடும், தீர்ந்தால் இருட்டு. கடைகளும் பூட்டிக் கிடக்கும் நேரம். பெடியாக்கோ சனிக்கிழமை காலை இஸ்திரிப் பெட்டியைச் செருகி, வீட்டார் எல்லாருடைய துணியையும் சும்மாவே தேய்த்துத் தருவதாக அறிவித்தார். ஞாயிறு மத்தியானம் வரை வேர்த்து ஒழுகத் தேய்த்தார். மூட்டை மூட்டையாக வந்தது. சாவுக்குக் கட்டும் கறுப்புத் துணியைக் கூட விடவில்லை. மீட்டர் சிவப்பு விளக்கைக் காட்டியபோதுதான் அவர் முகத்தில் களை வந்தது.

நாலு மணிக்கு செர்வா முகக்கவசம் மாட்டிக்கொண்டு தெருமுனைக்குப் போய் வந்தாள்.

"மீட்டருக்குப் போட்டுட்டேன். கடைக்காரன் பின்கதவத் திறந்து குடுத்தான், அவனுக்கும் நாடகம் பாக்கணுமாம்."

அதைவிடக் கொடுமை, எல்லாருடைய நல்ல துணியும் மடிப்புக் கலையாமல் தயாராக இருந்ததால் வீடே அலங்காரம் செய்துகொண்டு வந்தது. கென்கே என்ற சோள உருண்டை விற்கும் ஃப்ரேமா தலையில் பெரிய துணிக்கட்டு கட்டியிருந்தாள். நடுவில் இருந்த ஒரே சாய்வு நாற்காலியில் பெடியாக்கோவை உட்கார்த்தினார்கள். நாளை முதல் தன் வாளி பதினோராவதாக நிற்கும் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. அது போகட்டும். செர்வாவின் முகத்தை எப்படிப் பார்ப்பது?

ஆறு மணி. முதல் காட்சியே பித்தளைக் கட்டில்.

இருபத்து நான்கு குடித்தனம் பிணத்தைப் பார்த்தது. ஒருவருக்கும் அடையாளம் தெரியவில்லை. பஞ்சும் பவுடரும் அவரைக் காப்பாற்றின. பெடியாக்கோ மூச்சு விட்டார். திரையிலும் அதே சமயம் விட்டார்.

"பொணம் மூச்சு விடுது பாரு," என்று தாவியா சிரித்தான். "எங்க புடிச்சாங்க இந்த ஆள?"

"யாரோ தெருவுல போனவன்," என்றார் பெடியாக்கோ. சொன்ன பிறகு அந்தப் பட்டினிப் பையன் மேல் அவருக்கே பாவமாக இருந்தது.

கட்டிலின் கால்மாட்டில் ஒரு பெண் துணியால் முகத்தை மூடிக்கொண்டு தோள் குலுங்கக் குலுங்க அழுதாள். இதுதான்டி நடிப்பு என்று ஃப்ரேமா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

பிறகு குடை பிடிக்க, மேளம் முழங்கத் தலைவர் வந்தார். ஆறடி உயரம். முற்றம் மொத்தமும் திரும்பி, ஐந்தடி நாலங்குலப் பெடியாக்கோவைப் பார்த்தது.

"நானா, அப்ப இவ்ளோ உயரமாவா இருந்தீங்க?" என்று கேட்டது வீட்டின் சொந்தக்காரி.

"இந்த வீட்டு வாசப்படில இருபது வருஷமா குனிஞ்சு குனிஞ்சு போறேன்ல."

வாசல் நிலையை உயர்த்தித் தருவதாக இருபது வருஷமாகச் சொல்லிவந்த சொந்தக்காரி அதற்குமேல் கேள்வி கேட்கவில்லை. மற்றவர்கள் கைதட்டினார்கள். மதிலுக்கு அப்பாலிருந்தும் தட்டினார்கள். முதல் வாளி தப்பித்தது.

கூட்டம் கலைந்தது. பெடியாக்கோ நாற்காலிகளை அடுக்கினார். செர்வா மூலையில் உட்கார்ந்து நிலக்கடலை உரித்துக்கொண்டிருந்தாள். இத்தனை வருஷப் பொய்யை இவளிடமாவது இறக்கி வைக்கலாமா என்று அவருக்கு நாக்கு நுனி வரை வந்தது. வேறு வழியாகப் பேச்சை ஆரம்பித்தார்.

"கால்மாட்டுல அந்தப் பொண்ணு நல்லா அழுதால்ல?"

"அழல. பொணத்தோட வயிறு பசில கொர்ருன்னு கத்துச்சு. சிரிப்ப அடக்க முடியாம துணிய வாயில அமுக்கிட்டு இருந்தேன்."

பெடியாக்கோ கையிலிருந்த நாற்காலி கீழே விழுந்தது. செர்வா ஒரு கடலையை உடைத்து, பருப்பை அவர் உள்ளங்கையில் வைத்தாள்.

"அந்தப் பொணம் யாருன்னு விசாரிச்சுக் கட்டி வைங்கன்னுதான் எங்க மாமாவ ரெண்டு மாசம் அலைய விட்டேன்; அவரு போயி ஒரு தலைவரக் கூட்டிட்டு வந்து நிறுத்தினாரு."