மான் வேட்டைத் துவக்கும் ஒப்பீனியன் அண்ணையும்

ரொறன்ரோவிலை ஒரு சாமானையும் தன்ரை சொந்தப் புத்தியிலை வாங்காத ஒரேயொரு தமிழன் ஒப்பீனியன் அண்ணைதான். பல்லுத் தீட்டுற பிரஷ் வாங்கவும் நாலு பேரைக் கேட்பார். 'செகண்ட் ஒப்பீனியன்' எண்ட சொல்லை எந்த டொக்டர் அவருக்குப் பழக்கிவிட்டாரோ தெரியாது, மனுசன் அதைக் கெட்டியாப் பிடிச்சுக்கொண்டிட்டார். அவரின்ரை சொந்தப் பெயரை மனுசியே மறந்திருப்பா எண்டு நினைக்கிறன்.

தொண்ணூறுகளிலை நானும் அவரும் ஸ்காபரோவிலை கார் உதிரிப்பாகம் செய்யிற ஃபக்டரி ஒண்டிலை ஒரே ஷிஃப்ட். ரெண்டு பேருக்கும் வீடு மல்வேர்ன். என்னட்டைக் கார் இருந்தது. அவரட்டை இல்லை, எந்தக் கார் திறம் எண்டு விசாரிச்சு முடியேல்லை. அதாலை போகவர என்ரை காரிலைதான். தேத்தண்ணிக்குத் தண்ணி கொதிக்கவைக்க ஒரு கேத்தில் வாங்க அந்த மனுசன் ஒரு வின்ரர் முழுக்க என்னை அரிச்சவர். கடைசியிலை ஒண்டைத் தெரிவு செய்துகொண்டு போனால், அந்த மொடல் இப்ப செய்யிறேல்லை எண்டு கடைக்காரன் கையை விரிச்சிட்டான்.

ஒருநாள் காரிலை ஏறி பெல்ற்றைப் போட்டுக்கொண்டே கேட்டார்.

"தம்பி, மானுக்கு எந்தக் கலிபர் நல்லது?"

"என்ன அண்ணை, எந்த மான்?"

"சுதனுக்கு வேட்டைத் துவக்கு வாங்கவேணும். குண்டளவு 243 ஓ, 308 ஓ, 30-30 ஓ?"

எனக்குக் கை ஸ்டியரிங்கை விட்டுப் போகப் பாத்தது. சுதன் அவரின்ரை ஒரே மகன், பதினைஞ்சு வயசு. அவன்ரை கூட்டாளியின்ரை தேப்பன் டக் எண்ட வெள்ளைக்காரன் எங்கடை ஷிஃப்ட்தான். டக் ஒவ்வொரு நவம்பரும் மகனோடை வடக்கை மான் வேட்டைக்குப் போறவர். இந்தமுறை சுதனையும் வரச் சொல்லியிருக்கிறார். துவக்கு மட்டும் சொந்தமா வேணும். பெடியன் சம்மர் தொடங்கினதிலையிருந்து காலைப் பிடிச்சுக் கெஞ்சுறான். அண்ணை ஓமெண்டும் சொல்லேல்லை, இல்லையெண்டும் சொல்லேல்லை. "விசாரிப்பம்" எண்டிட்டார்.

விசாரிக்கத் தொடங்கினார். காட்டுக்குள்ளை கிட்டடியிலை சுட 30-30 தான் எண்டார் டக். கடைக்காரன் 308 எண்டான், அடி பலமாம். தோள் சின்னனெண்டா 243, உதைப்புக் குறைவு எண்டான் இன்னொருத்தன். உடனை பெடியனைக் குடும்ப டொக்டரட்டைக் கொண்டுபோனார். டொக்டர் தோளைத் தொட்டுப் பாத்திட்டு, காய்ச்சல் இல்லை எண்டாராம். துவக்கு லைசென்சுக்கு விசாரிக்க வந்த பொலிஸ்காரனையும் கலிபர் கேட்டுக் கலைச்சிட்டார்.

அதோடை விட்டாரோ? சாத்திரியாருக்குப் போன் அடிச்சார். சாத்திரியார் இலக்கங்களைக் கூட்டிப் பாத்திட்டு, "243 கூட்டினால் ஒன்பது, செவ்வாய். பெடியன்ரை நட்சத்திரத்துக்குச் சரிவராது. 244 இருக்கோ எண்டு கேட்டுப்பாருங்கோ" எண்டார். இவர் போய்க் கேட்டார். முந்தி அப்பிடி ஒண்டு இருந்ததாம், இப்ப செய்யிறேல்லையாம்.

மரமெல்லாம் இலை கொட்டிவிட்டுது. சுதனுக்குப் பொறுமை போச்சு. "அப்பா, சீசன் வரப்போகுது. ஜஸ்ட் பிக் வன், ப்ளீஸ்."

"அப்ப பூ வைச்சுப் பாப்பம்" எண்டார் அண்ணை.

என்ரை காரிலை மூண்டு பேருமா றிச்மண்ட் ஹில் பிள்ளையார் கோயிலுக்குப் போனம். வெள்ளைப் பூ 243, சிவப்பு 308, மஞ்சள் 30-30. மூண்டையும் கடதாசியிலை சுத்தி, சுவாமிக்கு முன்னாலை வைக்கச் சொல்லிக் குடுத்தார்.

"கலியாணக் காரியமோ?" எண்டு ஐயர் கேட்டார்.

"இல்லை ஐயா, துவக்கு."

ஐயர் என்னைப் பாத்தார். நான் கொடிமரத்தைப் பாத்தன். அங்கை நிண்ட ஒரு சின்னப்பிள்ளையைக் கூப்பிட்டு எடுக்கச் சொல்ல, வெள்ளைப் பூ வந்தது. சாத்திரியாரை வெட்டிப் பிள்ளையார் 243 எண்டிட்டார். இனி அண்ணைக்குத் தப்ப வழியில்லை, நேரே கடைக்குப் போனம்.

கடைக்காரன் துவக்கை எடுத்து, வெறுந்துவக்கெண்டு திறந்து காட்டிப்போட்டுச் சுதனிட்டைக் குடுத்தான். தோளிலை வைச்சு அளவு பார் எண்டான். பெடியன் அதைத் தோளுக்கு ஏத்திச் சுவரைக் குறி பாத்தான். வடிவாத்தான் பிடிச்சான். நான் திரும்பிப் பாக்க அண்ணையைக் காணேல்லை.

வெளியிலை, என்ரை கார்க் கதவைப் பிடிச்சுக்கொண்டு நிண்டார். பின்னாலை சுதன் ஓடிவந்தான்.

"அப்பா, வட் ஹப்பண்ட்?"

"இயக்கத்துக்குப் போன உன்ரை சித்தப்பா உன்ரை வயசிலை உப்பிடித்தான் துவக்குப் பிடிச்சுக்கொண்டு ஊரிலை முத்தத்திலை நிண்டவன். பிறகு நாங்கள் அவனைக் காணேல்லை. உன்ரை கையிலை உது வரக்கூடாதெண்டுதான் உன்னைத் தூக்கிக்கொண்டு இஞ்ச ஓடிவந்தனான்."

இவ்வளவு காலம் என்ரை காரிலை வந்த மனுசன், கேத்திலைப் பற்றியெல்லாம் கதைச்ச மனுசன், ஒரு தம்பி இருந்தவன் எண்டு எனக்கு ஒருநாளும் சொன்னதில்லை.

"அப்ப ஏன் முதலே வேண்டாமெண்டு சொல்லேல்லை?" எண்டான் சுதன்.

"நீ என்னட்டைக் கலிபர்தானே கேட்டனீ."

அண்ணை கண்ணாடியைக் கழட்டித் துடைச்சார். "வேண்டாமெண்டா நீ என்னோடை கதைக்கமாட்டாய் எண்டு பயந்தனான், ராசா." சுதன் "ஓகே" எண்டான். அவ்வளவுதான். பின் சீற்றிலை ஏறி, வீடு வரைக்கும் யன்னலைப் பாத்துக்கொண்டு வந்தான். கோவமோ கவலையோ, எனக்கு விளங்கேல்லை.

அடுத்த கிழமை, ஃபக்டரியிலை சாப்பாட்டு நேரம், டக் எங்கடை மேசைக்கு வந்து, "பெடியன்ரை தோள் இப்ப எப்பிடி?" எண்டு கேட்டார். சுதன் அவரட்டைப் போய், பந்தடிக்கேக்கை தோள் பிசகிப்போச்சு, இந்த வருசம் வரேலாது எண்டிருக்கிறான். அப்பா துவக்கெல்லாம் பாத்து வைச்சிட்டார், என்னாலைதான் ஏலாமல் போச்சு, எண்டும் சொன்னவனாம். டக் அண்ணையின்ரை முதுகிலை தட்டி, பெடியன் குடுத்து வைச்சவன், உன்னைப்போல ஒரு அப்பா கிடைக்க, எண்டிட்டுப் போனார். அண்ணை அந்த வெள்ளைக்காரனுக்கு "ஓம், ஓம்" எண்டு தமிழிலை தலையாட்டினார்.

வேலை முடிஞ்சு காரிலை ஏறி, பெல்ற்றும் போடாமல் இருந்தார்.

"தோளிலை ஒரு நோவும் இல்லைத் தம்பி. நேற்றும் பந்தடிச்சவன்" எண்டார். பிறகு சின்னப்பிள்ளை மாதிரி அழத் தொடங்கினார். நான் அவரின்ரை பெல்ற்றை இழுத்துப் பூட்டிவிட்டுக் காரை எடுத்தன்.

மல்வேர்னுக்குத் திரும்புற சந்தி வந்தது. அழுத முகத்தோடை மனுசன் மகனுக்கு முன்னாலை போய் நிக்கக்கூடாது எண்டு நினைச்சு, திரும்பாமல் நேரே விட்டன்.