ஏழடிச் சுவர்

தைரியராஜ் சபதம் எடுத்துவிட்டார்.

"ராணி, நாம கட்டப்போற வீட்டுல நான் தும்முனா எனக்கு மட்டும்தான் கேக்கணும்!"

காரணம் இருந்தது. பாலக்கரையில் எட்டுக் குடித்தனங்கள் இருந்த ஸ்டோர் வீட்டில் பன்னிரண்டு வருஷம் குப்பை கொட்டியவர். எட்டு வீட்டுக்கும் ஒரே நடை, ஒரே குழாய். அவர் ஒரு தும்மல் போட்டால் ஏழு வீட்டிலிருந்து ஏழு டம்ளர் கஷாயம் வரும். அவருடைய பனியன் சைஸ் அவரைவிட எதிர்வீட்டு ரெங்கம்மாளுக்குத்தான் நன்றாகத் தெரியும்.

அவர் வேலை டிராப்ட்ஸ்மேன். ஊருக்கெல்லாம் வீட்டு பிளான் வரைந்தவர், 1979-இல் ஜீயபுரம் போகிற ரோட்டில் புதுசாக முளைத்த காலனியில் மனை வாங்கித் தனக்கே ஒரு பிளான் போட்டார். வீடு சின்னது. சுற்றுச்சுவர்தான் பெரிது.

மனைவி அமலராணி பிளானைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"சுவர் நல்லாருக்கு. வீடு எங்கங்க?"

"உள்ளதான் இருக்கு. நல்லாப் பாரு."

"ஏழடி எதுக்குங்க? யாரு தப்பிச்சுப் போகப் போறா?"

"பிரைவசி, ராணி. பிரைவசி!"

"சரிங்க. நீங்க சொன்னா சரிதான்."

இங்கேதான் அவர் சுதாரித்திருக்க வேண்டும். பதினெட்டு வருஷத் தாம்பத்தியத்தில் அமலராணி மறுபேச்சில்லாமல் 'சரி' என்றது கல்யாணத்தன்று மாதா கோயிலில் சாமியார் சம்மதம் கேட்டபோது மட்டும்தான். ஆனால் தைரியராஜுக்கு வெற்றி மயக்கம். அவர் ஆபீசுக்குப் போய்விட, வேலையை மேற்பார்வை பார்த்ததும் கொத்தனார் வீரமலைக்கு டீ போட்டுக் கொடுத்ததும் அவள்தான்.

குடிவந்த முதல் ஞாயிற்றுக்கிழமை. வெறும் பனியனோடு முற்றத்தில் நாற்காலி போட்டுப் பேப்பர் படித்தார். நடுப்பக்கத்தை யாரும் இரவல் கேட்கவில்லை. சொர்க்கம்!

சொர்க்கம் சரியாக இரண்டு நாள் நீடித்தது.

ஸ்டோரில் இருந்தவரை அமலராணியின் பேச்செல்லாம் பகலிலேயே ஏழு வீட்டுக்கும் பங்குபோய்விடும். சாயங்காலம் இவர் பங்குக்கு மிஞ்சுவது, "சாப்பிட வாங்க" மட்டும்தான். மகள் பேட்ரிசியாவும் நர்சிங் படிக்க ஹாஸ்டலுக்குப் போய்விட்டாள். இப்போது மொத்தப் பேச்சுக்கும் ஒரே வாரிசு தைரியராஜ்.

அவர் செருப்பைக் கழற்றும்போது ஆரம்பிப்பாள்.

"ஏங்க, இன்னைக்கு ஒரு காக்கா வந்துச்சு."

"வரட்டும்."

"கொஞ்ச நேரம் உக்காந்துச்சு. பேச்சுத் துணைக்கு ஆள் இல்லைன்னு அதுவும் போயிடுச்சு."

குளிக்கப் போனால் கதவுக்கு வெளியே நின்று தொடர்வாள்.

"ஏங்க, தண்ணி ஊத்துறதைக் கொஞ்சம் நிறுத்துங்க. முக்கியமான கட்டம்!"

சோப்பு நுரையோடு நின்று கேட்டார். பேரில்தான் தைரியம், வீட்டுக்குள் அவர் வெறும் ராஜ், அதுவும் ராணிக்கு உட்பட்ட ராஜ்.

ஒருநாள் அந்தப் பேச்சின் நடுவே அவள் சொன்னாள், "கல்யாணமான புதுசுல ஒரு நீலப் புடவை வாங்கிட்டு வந்தீங்களே, அது எனக்குப் பிடிக்கவே இல்லைங்க. நீங்க ஆசையா வாங்கினதாச்சேன்னு கிழியுற வரைக்கும் கட்டினேன்."

அவர் துண்டைக் கையில் எடுத்தார். தலை துவட்ட மறந்துபோயிற்று.

சுவர் வேறு தன் பங்குக்குப் படுத்தியது. காவேரிக் காற்று தெருமுனை வரை வரும், சுவரைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விடும். வெயில் படாமல் அவரைக்கொடி வெளுத்துப் போனது. "சுவர் இருக்கு, சுவாரசியம்தான் இல்லை" என்றாள் அமலராணி.

ஒரு சனிக்கிழமை. அரை நாள் ஆபீஸ். சத்திரம் பஸ் ஸ்டாண்டில் பஸ் பிடித்து மத்தியானமே வந்து இறங்கினார். தூரத்திலேயே தெரிந்தது. சுவருக்கு இந்தப் பக்கம் ஒரு தலை, அந்தப் பக்கம் ஒரு தலை. இரண்டு தலையும் சிரித்துக்கொண்டிருந்தன. பக்கத்து வீட்டு ஜீனத் இவரைப் பார்த்ததும், "அக்கா, அண்ணன்!" என்று மறைந்தாள். அமலராணி பதறி இறங்க, ஸ்டூல் சாய்ந்தது.

கணுக்கால் வீங்கிவிட்டது. தைரியராஜ் உப்பை வறுத்துத் துணியில் கட்டி ஒத்தடம் கொடுத்தார்.

"தினமும் ஸ்டூல் போட்டா ஏறுற?"

"கொஞ்ச நேரந்தாங்க. அவளும் பாவம், தனியா இருக்கா."

'அவளும்' என்ற சொல்லில் இருந்த 'உம்' அவரை என்னவோ செய்தது. ஒத்தடத்தை நிறுத்திவிட்டுப் பென்சிலை எடுத்தார்.

"சுவரை நாலடியாக் குறைச்சுடுவோம்."

"ஐயையோ! உங்க பிரைவசி?"

"இங்க பாரு. நாலடின்னா, உக்காந்தா யாருக்கும் தெரியாது. எந்திரிச்சா எல்லாரோடயும் பேசலாம். மேல அவரைக்கொடியைப் படரவிட்டா பச்சையாத் திரை போட்ட மாதிரி இருக்கும். காத்தும் வரும்."

"எப்படிங்க இப்படியெல்லாம் யோசனை வருது உங்களுக்கு?" என்றாள் அமலராணி, கண்களை அகல விரித்து. தைரியராஜ் பூரித்துப்போனார்.

திங்கட்கிழமை லீவு போட்டுவிட்டு வீரமலையை வரவழைத்தார். மூன்று நாள் வேலை, பாதிக் கல் உடையும் என்று அவர் கணக்கு. வீரமலை கடப்பாரையை வைத்து ஒரு நெம்பு நெம்பினார். செங்கல் முழுசாகக் கையோடு வந்தது. அடுத்ததும். மத்தியானச் சாப்பாட்டுக்குள் சுவர் நாலடிக்கு வந்துவிட்டது.

"என்ன வீரமலை, சிமெண்டு பிடிக்கவே இல்லையே!"

"சிமெண்டு நாலடிக்குத்தான் சார். அதுக்கு மேல செம்மண்ணு. வெளிப்பூச்சு மட்டும் சிமெண்டு."

"யாரு சொன்னா?"

"அம்மாதான். அய்யா எப்படியும் எறக்கச் சொல்லுவாரு, கல்லு வீணாப் போவக்கூடாதுன்னாங்க."

தைரியராஜ் உள்ளே போனார். அமலராணி கால் நீட்டி உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"அப்ப, இத்தனை நாளா எங்கிட்டப் பேசினதெல்லாம் நாடகமா?"

அவள் கை நின்றது. "சுவர்தாங்க நாடகம். பேச்சு நெசம். ஸ்டோர்ல இருந்தப்ப உங்ககிட்ட சொல்ல எங்கங்க இடம் இருந்துச்சு? சொல்லணும்னு சேத்து வச்சிருந்தது அத்தனையும்."

அவருக்குக் கோபம் வரவில்லை. இனிமேல் தினமும் மனைவி பேசுவதைக் காது கொடுத்துக் கேட்பது என்று மனசுக்குள் தீர்மானித்துக்கொண்டார்.

மறுநாள் ஆபீஸ் விட்டதும் நேரே வீட்டுக்கு வந்தார். காற்று வீட்டுக்குள் வந்து காலண்டரைப் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. அவள் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"ராணி, இன்னைக்கு என்ன விசேஷம்? சொல்லு, கேக்குறேன்."

"எல்லாத்தையும் மத்தியானமே பேசித் தீத்துட்டேங்க. வேணும்னா எந்திரிச்சு நின்னு ஜீனத்தைக் கேளுங்க, அவ சொல்லுவா."